கல்லும் வன்தட்டும்: பழைய கணினியொன்றில் சேமிப்புப் பொருத்தியை இயக்குதல் பற்றிய சில குறிப்புகள்

1. முன்னுரை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் திரியாய் அமைந்துள்ளது. வயலும் குளமும் சூழ்ந்த இவ்வூரின் குன்றிலே பாறைக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் மொழி சமஸ்கிருதம். எழுத்தோ பல்லவர் காலக் கிரந்த வகையைச் சார்ந்தது. கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனக் கருதப்படும் இக்கல்வெட்டு, கடல் வாணிபத்தில் ஈடுபட்ட திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தார் நிறுவிய கிரிகண்டி சைத்தியத்தைப் போற்றுகின்றது. இதனைப் படித்துப் பதிப்பித்தோருள் செனரத் பரணவிதான குறிப்பிடத்தக்கவர்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அக்கல் அங்கேயே கிடந்தது. அதிலுள்ள செய்தியும் பெரும்பாலும் அங்கேயே இருந்தது. ஆயினும் அக்கல்லின் அருகே ஆடுமாடு மேய்த்தோரும் வயல் செய்தோரும் அச்செய்தியை அறியார். ஏனெனில் பதிவு நிலைத்திருத்தல் வேறு. அது படிக்கப்படுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே எழுத்தறிவு என்னும் இடைநிலை அறிவு ஒன்று வேண்டப்படுகின்றது. அது அற்றுப்போயின் கல் இருந்தும் பயனில்லை.

இவ்வுண்மை கல்லுக்கு மட்டும் உரியதன்று. நமது காலத்துப் பதிவுகள் கணினியின் வன்தட்டுகளிலே உறைகின்றன. அவற்றுக்கும் கணினிக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் கருவியைச் சேமிப்புப் பொருத்தி என்றும், அக்கருவியைக் கணினிக்கு அறிமுகஞ் செய்யும் மென்பொருளை இயக்கி என்றும் இங்கு வழங்குவோம். ஆங்கிலத்தில் இவை முறையே அடப்டர், டிரைவர் எனப்படுவன. பழைய கணினியொன்றில் இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்தி ஒழுங்குசெய்வது என்பதை எமது அனுபவமொன்றின் வழியாக விளக்குவதும், அதனூடே எழும் பொதுவான வினா ஒன்றை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எமது கைக்கு வந்த கணினி

திரியாய் மக்களின் அண்மைக்கால வரலாறு இடப்பெயர்வின் வரலாறாகும். 1985ஆம் ஆண்டு ஊரின் வீடுகள் எரிக்கப்பட்டன. 1990இல் எஞ்சியிருந்தோரும் வெளியேற நேர்ந்தது. பல ஆண்டுகளின் பின்னரே மக்கள் படிப்படியாக மீண்டனர். இடைப்பட்ட காலத்தில் திருகோணமலை நகரிலே தங்கியிருந்த குடும்பமொன்று, பிறர் பாவித்துக் கொடுத்த கணினி ஒன்றைக் கொண்டு ஊரவரின் விபரங்களைத் தட்டெழுதி வந்தது. எரிந்த வீடுகள், கைவிடப்பட்ட வயற்காணிகள், மேட்டுக்காணிகள், தொலைந்த உறுதிகளினதும் அனுமதிப்பத்திரங்களினதும் இலக்கங்கள், அதிகாரிகளுக்கு அனுப்பிய மனுக்களின் பிரதிகள் என்பன அவற்றுட் சில. கடதாசிப் பிரதிகள் பல கைமாறிப் போயின. கணினி மட்டும் சீலையாற் போர்த்தியபடி எஞ்சியது.

காணி உறுதியை இழந்தவன், தான் பயிரிட்ட நிலம் தனது நிலமே என்று நிறுவுவதற்குப் பிற சான்றுகளையே நாடவேண்டும். எனவே இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்காதிருந்த அக்கணினியைத் திறந்து பார்க்குமாறு எம்மைக் கேட்டபோது, அது பழம்பொருள் ஆர்வத்தினால் எழுந்த வேண்டுகோள் அன்று என்பதை உணர்ந்தோம்.

அது 486 வகை முறைவழியாக்கியைக் கொண்டது. அதில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. விண்டோஸ் 95 இருந்த முதலாவது தட்டு ஐடிஈ வகையைச் சார்ந்தது, அது சுழலவேயில்லை. ஆவணங்கள் இருந்த இரண்டாவது தட்டோ ஸ்கசி எனப்படும் வகையினது. அது தாய்ப்பலகையுடன் நேராக இணையாது, தனியான அட்டையொன்றின் மூலம் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வட்டை அடப்டெக் நிறுவனத்தின் ஏஎச்ஏ-1542 வரிசையைச் சார்ந்தது. ஐஎஸ்ஏ என்னும் பழைய துளைவாயிலிற் செருகப்படுவது.

அத்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டினால் என்ன என்று வாசகர் வினவலாம். ஐடிஈ தட்டாயின் மலிவான யூஎஸ்பி இணைப்பி ஒன்றே அதற்குப் போதும். ஆனால் ஸ்கசித் தட்டின் 50 ஊசிகள் கொண்ட வாயை ஏற்கும் வாய் இன்றைய வீட்டுக் கணினிகளில் இல்லை. அதற்கான இணைப்பிகளும் அரியன. எனவே பழைய கணினியையே மீண்டும் எழுப்புவதெனத் தீர்மானித்தோம்.

3. பொருத்தியின் தொழில்

1986இல் அமெரிக்கத் தர நிறுவனத்தால் தரமாக்கப்பட்ட ஸ்கசி முறையில், ஒரே வடத்தில் எட்டுக் கருவிகள் வரை இணையலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரையான இலக்கமொன்று வழங்கப்படும். வழமையாக 7 பொருத்திக்கு உரியது. இரு கருவிகள் ஒரே இலக்கத்தைக் கொள்ளுதல் கூடாது.

வடத்தின் இரு முனைகளிலும் முடிப்பான் எனத்தக்க மின்தடைத் தொகுதி இருத்தல் வேண்டும். வாய்க்காலின் கடைசியில் வரம்பில் மோதிய நீர் திரும்பி வந்து மேல்வரும் நீரைக் குழப்புவதுபோல, திறந்த முனையை அடைந்த மின்குறியும் திரும்பி வந்து ஏனைய குறிகளைக் குழப்பும். முடிப்பான் அதனை உறிஞ்சிக்கொள்கின்றது. எமது கணினியில் வடத்தின் கடைசியில் இருந்திருக்க வேண்டிய முடிப்பான் கழன்று போயிருந்தது. இத்தகைய குறைபாடு இருக்கையில் எந்த இயக்கியை நிறுவினாலும் தட்டு ஒருகால் தோன்றும், ஒருகால் மறையும். ஆகவே மென்பொருளைக் குறைகூறுமுன் வடத்தை நோக்குதல் முதல் விதியாகும்.

இனி, பொருத்தி கணினியுடன் பேசுவதற்கு மூன்று ஒழுங்குகள் தேவை. முதலாவது வாயில் முகவரி. முறைவழியாக்கி தனது கட்டளைகளை எந்த வாசலில் வைப்பது என்பதை இது குறிக்கும். இரண்டாவது இடையீட்டு இலக்கம். வேலை முடிந்ததும் பொருத்தி முறைவழியாக்கியைத் தட்டி எழுப்பும் மணி இது. மூன்றாவது நேரடி நினைவக அணுகல் வழி. முறைவழியாக்கியின் கையை எதிர்பாராது தரவுகளை நினைவகத்துக்கு நேரே கொண்டுசெல்லும் பாதை இது. ஏஎச்ஏ-1542 அட்டைகளில் இவை வழமையாக முறையே 330, 11, 5 என அமைந்திருக்கும். முகவரியை மட்டும் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் வாசித்தல் வேண்டும்.

பின்வந்த கணினிகளில் இவ்வொழுங்குகளைக் கணினியே பங்கிட்டுக் கொள்ளும். 486 காலத்து ஐஎஸ்ஏ அட்டைகளிலோ அட்டையிலுள்ள ஜம்பர்களைக் கையால் மாற்றியே இவற்றைத் தீர்மானித்தனர். அக்காலத்தில் எல்லோரும் விரும்பி வாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் 16 என்னும் ஒலி அட்டையும் தனது இசைக்கருவி வாயிலுக்கு 330ஐயும், நேரடி நினைவக அணுகலுக்கு 5ஐயும் வழமையாகக் கொள்வது. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பின், ஒரு வாசலில் இரு வீட்டார் கடிதம் எதிர்பார்க்கும் நிலை உருவாகும். எமது கணினியிலும் யாரோ பிற்காலத்தில் அத்தகைய ஒலி அட்டையைச் செருகியிருந்தனர். பொருத்தியின் முகவரியை 334 ஆகவும் வழியை 6 ஆகவும் மாற்றி இப்பிணக்கைத் தீர்க்கலாம். ஆனால் எமக்கு ஒலி தேவைப்படவில்லை. எனவே ஒலி அட்டையையே கழற்றினோம். வேண்டாததை அகற்றுவது பழைய கணினியைப் பொறுத்தவரை மிகச் சிறந்த சீரமைப்பாகும்.

4. இயக்கியை நிறுவுதல்

பழுதான முதலாவது தட்டுக்குப் பதிலாக வேறோர் ஐடிஈ தட்டைப் பெற்றோம். அக்காலத்துப் பயோஸ் பலவற்றால் 1024 உருளை, 16 தலை, 63 துண்டம் என்னும் எல்லைக்கு அப்பால் எண்ண இயலாது. துண்டமொன்று 512 பைட்டுகள் கொண்டதாகையால் இது 504 மெகாபைட்டுகளுக்குச் சமன். தட்டு பெரிதாயினும் இவ்வளவையே பயன்படுத்தினோம்.

இவ்விடத்தில் சிக்கலொன்று தோன்றும். இயக்கி மென்பொருள் விண்டோஸ் 95 இறுவட்டில் உள்ளது. ஆனால் இறுவட்டைப் படிப்பதற்கும் ஓர் இயக்கி வேண்டும். சாவி பெட்டிக்குள், பெட்டியோ பூட்டியபடி என்னும் நிலை இது. இதனைத் தவிர்ப்பதற்காக, நிறுவற் கோப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியில் வைத்தே புதிய தட்டில் முன்கூட்டிப் படியெடுத்துக் கொண்டோம். பின்னர் அத்தட்டைப் பழைய கணினியில் மாட்டி விண்டோஸை நிறுவினோம். ஸ்கசித் தட்டின் மின்வழங்கி இணைப்பை இவ்வேலை முடியும்வரை கழற்றியே வைத்திருந்தோம். அரிய தட்டு இணைந்திருக்கும்போது நிறுவல் வேலை செய்வது ஆபத்தானது. தவறான தட்டை அழித்துவிட ஒரு விசை போதும்.

விண்டோஸ் இயங்கத் தொடங்கியபின் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொண்டோம்.

(அ) கட்டுப்பாட்டுப் பலகத்தில் புதிய வன்பொருளைச் சேர்க்கும் பகுதியைத் திறந்தோம். வன்பொருளைத் தானே தேடிப் பார்க்கட்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றே விடையளித்தோம். பழைய அட்டைகளின் வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கையில் கணினி உறைந்துபோவது உண்டு.

(ஆ) பட்டியலில் ஸ்கசிக் கட்டுப்படுத்திகள் என்னும் வகையையும், பின்னர் உற்பத்தியாளரையும், அட்டையின் வரிசையையும் தெரிவுசெய்தோம். அட்டையின் மேல் அச்சிடப்பட்ட இலக்கத்தைக் கண்ணால் பார்த்தே இதனைச் செய்தல் வேண்டும்.

(இ) கணினி தானாக முன்மொழிந்த முகவரி, இடையீடு, வழி ஆகியவற்றை அட்டையின் ஜம்பர்களுடன் ஒப்பிட்டோம். மென்பொருளில் எழுதும் இலக்கம் அட்டையை மாற்றாது. அட்டை எவ்வாறு உள்ளது என்பதை மென்பொருளுக்குச் சொல்வதே இங்கு நாம் செய்வது. இதனை மாறி விளங்கிக்கொண்டு திரையில் மட்டும் இலக்கங்களை மாற்றிக் களைப்போர் பலர்.

(ஈ) கணினியை நிறுத்தி, முடிப்பானைப் பொருத்தி, ஸ்கசித் தட்டுக்கு மின்வழங்கி, மீண்டும் இயக்கினோம். சாதன முகாமைப் பகுதியில் பொருத்தியின் பெயர் மஞ்சள் வியப்புக்குறி இன்றித் தோன்றியது. சற்று நேரத்தில் புதிய தட்டெழுத்தொன்றும் தோன்றியது.

தட்டு தெரிந்தவுடன் கோப்புகளைத் திறந்து வாசிக்கும் ஆவல் எழுவது இயல்பு. அதனை அடக்கினோம். பல ஆண்டுகள் உறங்கிய தட்டு எத்தனை மணிநேரம் சுழலும் என்பதை எவரும் அறியார். முதலில் படியெடுத்தல், பின்னர் வாசித்தல் என்பதே முறை. ஆவணங்கள் முழுவதையும் புதிய ஐடிஈ தட்டுக்கு மாற்றினோம். இரு கோப்புகள் படிக்கப்படவில்லை. ஏனையவை வந்து சேர்ந்தன. அதன்பின் அந்த ஐடிஈ தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பி மூலம் இக்காலக் கணினியுடன் இணைத்தோம்.

சாவியும் பெட்டியும் என நாம் கூறிய சிக்கல் 486 காலத்துடன் ஒழிந்துவிடவில்லை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதன்பின் வந்த சாட்டா வகைத் தட்டுகளின் பொருத்திகள் பலவற்றை அறியாது. அதனை நிறுவுகையில் தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்தட்டு ஒன்றிலிருந்து இயக்கியை ஊட்டவேண்டியிருந்தது. அதனைச் செய்யாதோர், வன்தட்டு எதுவும் இல்லை என்ற செய்தியையோ, 7பி என முடியும் நீலத்திரைப் பிழையையோ கண்டனர். தட்டு பழுதென எண்ணி அதனைக் கைவிட்டோரும் உளர். பயோஸில் சாட்டாத் தட்டைப் பழைய ஐடிஈ போல நடிக்கச் செய்யும் தெரிவு இருப்பின், பல வேளைகளில் அதுவே போதுமானது.

5. இரண்டாவது பூட்டு

கோப்புகளைத் திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றி நிரம்பியிருந்தன. தமிழ் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் அரைப்புள்ளியொன்றும் நின்றன. இலங்கையில் தமிழ்த் தட்டெழுத்தாளர் நன்கறிந்த பாமினி எழுத்துருவின் அடையாளம் அது. அம்முறையில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களையே. எழுத்துருவானது அவற்றின்மீது தமிழ் வடிவங்களைப் போர்த்துகின்றது. போர்வையை எடுத்தால் தமிழ் மறைந்துவிடும்.

ஒருங்குறி முறை 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்களை வழங்கியது. ஆனால் அது நடைமுறைக் கணினிகளில் பரவுவதற்கு நெடுங்காலம் சென்றது. அதற்கு முன்னர் எழுதப்பட்ட தமிழ்ப் பிரதிகள் பல இவ்வாறான எழுத்துருக்களிற் கட்டுண்டவை. நல்வாய்ப்பாக, பாமினியின் விசையமைப்பு எல்லோரும் அறிந்தது. அதனை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இலவசமாக உள்ளன. எனவே இப்பூட்டு சில நிமிடங்களில் திறந்தது. தனியார் ஒருவர் தமக்கென அமைத்து, விசையமைப்பை வெளியிடாத எழுத்துருவாக அது இருந்திருப்பின் எமது வேலை எழுத்தெழுத்தாக ஊகித்தறியும் வேலையாக முடிந்திருக்கும்.

6. இடைநிலை அறிவு எவருக்குரியது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவ்வாவணங்கள் திரியாய் மக்களுடையன, தட்டும் அவர்களுடையது. ஆயினும் அவற்றை அடைவதற்கான வழி, தட்டை இயக்கும் அறிவை வைத்திருப்போரின் கையில் இருந்தது. விண்டோஸ் 95க்கான ஆதரவு 2001ஆம் ஆண்டு இறுதியோடும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் மாதத்தோடும் நிறைவுற்றன. வணிக நோக்கில் இது இயல்பே. பழைய இயக்கியைப் பேணுவதால் எந்நிறுவனத்துக்கும் இலாபம் இல்லை. ஆனால் மக்களின் ஞாபகம் விற்பனைக் காலத்தோடு முடிவதன்று. சந்தையின் காலமும் சமூகத்தின் காலமும் இவ்விடத்தில் முரண்படுகின்றன.

இம்முரண்பாட்டைப் பற்றிய உலகளாவிய விவாதம், இதனை ஒத்ததொரு சிறு நிகழ்ச்சியோடு தொடர்புடையது என்பது கருதத்தக்கது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1980ஐ ஒட்டிய காலத்தில், அங்கிருந்த அச்சியந்திரத்தில் கடதாசி சிக்கும்போது பயனாளருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பினார். அதற்கு அவ்வியந்திரத்தை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் வேண்டும். அது அவருக்கு மறுக்கப்பட்டது. மென்பொருள் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை அவர் வளர்த்தெடுத்ததற்கு அம்மறுப்பும் ஒரு காரணமாயிற்று. 1983இல் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், குனூவின் பொது உரிமத்தை ஏற்று வளர்ந்தது.

லினக்ஸில் இயக்கிகளின் மூலநிரல் மையநிரலோடு சேர்ந்தே எல்லோர்க்கும் வெளிப்படையாகக் கிடைக்கின்றது. எமது கையிலிருந்த அதே 1542 வரிசைக்கான இயக்கியும் அவற்றுள் ஒன்று. விண்டோஸ் 95இன் கோப்புகள் எமக்குக் கிடைக்காதிருந்திருப்பின் அவ்வழியையே நாடியிருப்போம். அவ்வியக்கி இன்றைய கணினிக்குப் பொருந்தாவிடினும், பொருத்தியுடன் எவ்வாறு பேசவேண்டும் என்பதை எழுத்தில் விளக்கும் ஆவணமாக அது நிலைக்கும். பரணவிதானவின் பதிப்பு கல்வெட்டுக்கு என்ன செய்ததோ, அதனையே வெளிப்படையான மூலநிரல் தட்டுக்குச் செய்கின்றது. கற்க விழைவோர் எவராயினும் கற்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. படிக்கும் வழி பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதனால், படித்த செய்தி யாவும் பொதுவில் வைக்கப்படல் வேண்டும் என்பது பெறப்படாது. எமக்குக் கிடைத்த கோப்புகளில் குடும்பங்களின் பெயர்களும், இழப்புகளும், காணி எல்லைகளும் உள்ளன. போரைக் கண்ட மண்ணிலே பெயர்ப்பட்டியல் என்பது தீங்குக்கும் பயன்படக்கூடியது. ஆகவே கோப்புகளை நாம் வைத்துக்கொள்ளவில்லை. தட்டில் ஒன்று, இறுவட்டில் ஒன்று, கடதாசியில் ஒன்று என மூன்று பிரதிகளை அக்குடும்பத்திடம் ஒப்படைத்தோம். எதனை, எவரிடம், எப்போது காட்டுவது என்பது ஊரவர் கூடித் தீர்மானிக்க வேண்டியதாகும்.

7. முடிவுரை

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமை தமிழரின் நினைவிலிருந்து அகலாத இழப்பு. அதனை எல்லோரும் கண்டனர். வீட்டு மூலையிலே பழைய கணினியொன்று படிக்கப்படாது கிடந்து, ஒருநாள் பழைய இரும்பாக நிறுத்து விற்கப்படும்போது நிகழும் இழப்பையோ எவரும் காண்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களையும் ஏடுகளையும் எண்ணிம வடிவில் பேணும் அரும்பணியை ஆற்றிவருகின்றது. அதனோடு ஒருங்கே, எண்ணிமமாகவே பிறந்து நெகிழ்தட்டுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் கிடக்கும் ஆவணங்களும் கவனிக்கப்படல் வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் எழுதப்பட்டவற்றுட் பல அத்தகையன.

இதற்குப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது பெரிதன்று. பழுதுபடாத பழைய கணினி இரண்டு, பொருத்தி அட்டைகள் சில, வடங்கள், முடிப்பான்கள், நெகிழ்தட்டுச் செலுத்தி, அவற்றுக்குரிய இயக்கிகளின் தொகுப்பு என்பவற்றை ஓர் அறையில் பேணலாம். அவற்றைக் கையாளும் முறையைத் தமிழில் எழுதி வைக்கலாம். மாணவர் சிலருக்குப் பயிற்சியளிக்கலாம். கிராமத்து மக்கள் தமது தட்டுகளைக் கொண்டுவந்து தாமே படியெடுத்துச் செல்ல இடமளிக்கலாம்.

திரியாய்க் குன்றின் கல்வெட்டைப் பொறித்த சிற்பி, பின்வருவோர் அதனைப் படிப்பர் என்ற நம்பிக்கையுடனேயே உளியைப் பிடித்திருத்தல் வேண்டும். அகதி வாழ்வின் நடுவே எரிந்த வீடுகளின் விபரங்களைத் தட்டெழுதியவரும் அத்தகைய நம்பிக்கையே கொண்டிருந்தார். கல்லை எழுதியோரின் நம்பிக்கை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளின் பின்னர் நிறைவேறிற்று. வன்தட்டு அத்துணைக் காலம் காத்திருக்காது.